மனச்சோர்வும் நம் குடும்பத்து இரத்தமும்



திருச்சிராப்பள்ளியில் மதரஸா ஆசிரியராக நான் பணியாற்றத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளின் ஓதுதலைப் பற்றி விசாரிக்க வரும் பெற்றோர், பேச்சு முடிந்த பின்னும் சற்றுத் தயங்கி நிற்பதுண்டு. தந்தையர் நேரில் கேட்பார்கள்; தாய்மார்கள் என் மனைவியிடம் சொல்லி அனுப்புவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான் வெவ்வேறு சொற்களில் வருகிறது. ஐவேளையும் தொழுகிறேன், குர்ஆன் ஓதுகிறேன், திக்ரு செய்கிறேன். ஆயினும் மனம் மரத்துக் கிடக்கிறது, காலையில் பாயை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கிறது, என் ஈமானில் என்ன குறை?

குறை இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. என்ன குறை என்றுதான் கேட்கிறார்கள். குறை உண்டு என்பதைச் சுற்றத்தார் முன்பே அவர்கள் காதில் ஓதி முடித்துவிட்டார்கள். மாமியார் சொல்லியிருப்பார், அண்டை வீட்டார் சொல்லியிருப்பார்கள், சில வேளைகளில் மிம்பர் மீதிருந்தே சொல்லப்பட்டிருக்கும். தொழுகையாளிக்குக் கவலை ஏது என்று சொல்வது நாவுக்கு எளிது. மூன்று மாதமாகத் தூக்கமின்றி, பசியின்றி, பெற்ற பிள்ளையின் சிரிப்பும் மனத்தைத் தொடாமல் இருக்கும் ஒரு பெண்ணின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்பதைச் சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

குர்ஆனை ஓதுகிறவர்கள் இப்படிப் பேசுவதுதான் எனக்கு வியப்பு. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப் பார்வை இழந்ததை நாம் ஓதுகிறோம். ஒரு நபியின் ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு உண்டு? மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் சாய்ந்தபோது, அதற்கு முன்பே மரணம் வந்திருக்கலாகாதா என ஏங்கியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அந்த ஏக்கத்திற்கு மறுமொழியாகக் கண்டிப்பு இறங்கவில்லை. காலடியில் நீரோடையும், உண்ணுவதற்குக் கனிந்த பேரீச்சம் பழங்களும் கிடைத்தன. துவண்ட ஓர் உயிருக்கு முதலில் உடலுக்கு வேண்டியது வழங்கப்பட்டது. இந்த இடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் சற்று நிறுத்தி, மாணவர்களை மறுபடியும் ஓதச் சொல்வேன்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களும் அல்லர். கி.பி. 850 அளவில் பல்க் நகருக்கு அருகே பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் சேர்த்து 'மஸாலிஹ் அல்-அப்தான் வல்-அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். அதில் துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, காரணம் தெரிந்த துயரம்: அன்புக்குரியவரின் மரணம், பொருள் இழப்பு போன்றவை. மற்றொன்று, காரணம் புலப்படாமல் வந்து கவிந்து, எதிலும் நாட்டமின்றி ஆக்கும் துயரம். இந்த இரண்டாவது உடலிலிருந்து, குறிப்பாக இரத்தத்தின் கேட்டிலிருந்து எழுவது என்றும், அதற்கு உடல் மருத்துவமே வேண்டும் என்றும் அவர் கருதினார். இரத்தத்தைப் பற்றிய அக்கால விளக்கத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் வரைந்த அந்தக் கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை என் அக்காவின் நோயைக் கண்ட பிறகே முழுமையாக உணர்ந்தேன். அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை அவருக்குப் படித்தும் காட்டினேன்.

அக்கா ஸ்ரீரங்கத்தில், இரயில் நிலையத்திற்கு அருகே வசிக்கிறார். மச்சான் மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டாவது பிரசவத்திற்குப் பின் ஐந்தாறு மாதங்கள் அக்கா ஒருமாதிரி ஆகிவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது தானாகவே தணிந்தது. 2019இல் மீண்டும் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பிருந்தே விரல் மூட்டுகளில் வீக்கமும் வலியும் இருந்தன. காலையில் ஒரு மணி நேரம் கை மடங்காது. ஒளுச் செய்யக் குழாயைத் திருகுவதற்குக்கூட மகளை அழைப்பார். வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுதுவிட்டு ஒன்றாம் எண் பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடந்து அவரைப் பார்க்கச் செல்வேன். நான் போனால் வட்டிலப்பம் செய்து வைத்திருப்பவர், அந்த மழைக்காலத்தில் வாசலில் என்னைக் கண்டும் எழவில்லை.

மருத்துவரிடம் போகும்படி முதலில் சொன்னவர் எதிர்வீட்டு மாமி. பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் போகிற வழியில் என்னைக் கண்டு நிறுத்தினார். "தம்பி, உங்க அக்காவை டாக்டர்ட்ட அழைச்சுண்டு போங்கோ. மொதல்ல இரத்தம் எடுத்துத் தைராய்டு பாக்கச் சொல்லுங்கோ. சும்மா மனசுன்னு விட்டுடாதேங்கோ" என்றார். நம் சமுதாயத்தில் இத்தனை பேர் வந்து போகும் வீட்டில் அதைச் சொல்ல அந்த அம்மையார்தான் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டாருக்கு நினைவில் இருந்தது வேறொன்று. அத்தாவின் தங்கை, எங்கள் குப்பி, என் சிறுவயதில் பழைய வீட்டின் பின்னறையில் இருந்தார். பேசமாட்டார், சாப்பிடமாட்டார். ஜின் பிடித்ததென்று தாயத்துக் கட்டினார்கள். தட்டில் எழுதிக் கழுவிய நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். ஒருமுறைகூட மருத்துவரிடம் அழைத்துச் செல்லவில்லை. 1991இல் அவர் மறைந்தபோது எடை ஒரு சிறுமியின் எடையாக இருந்தது என்று அம்மா சொல்வார். ஜின்னை நாம் நம்புகிறோம். குர்ஆனில் அவர்கள் பெயரால் ஒரு ஸூராவே இருக்கிறது. ஆனால் ஜின் இருப்பதை நம்புவது வேறு, எதிரே இருக்கும் நோயாளிக்கு ஜின்தான் காரணம் என்று முடிவு கட்டுவது வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைக் கேட்டால் தாயத்துக்காரர்களுக்குக் கோபம் வருகிறது.

குப்பியின் நாளில் பிழைப்பு வேறு இடத்திலும் நடந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பல இருந்தன. நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. கட்டுண்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அக்காப்பகங்கள் மூடப்பட்டன. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளி எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடுவது குற்றம். பின்னர் ஏர்வாடியிலேயே 'தவா-துஆ' என்ற முறையில், துஆவுக்கு வருவோருக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் முன்பே நடந்துவந்த முறை அது.

நம் ஊருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு, பலர் அறியார். மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக 1997இல் தொடங்கப்பட்டது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான். ஏர்வாடித் தீக்கு நான்கு ஆண்டுகள் முன்பே நம் மாவட்டத்து மக்களுக்கு உள்ளூரிலேயே மனநல மருத்துவம் கொண்டுவரும் முயற்சி தொடங்கியிருந்தது. குப்பிக்கு அது ஆறு ஆண்டுகள் பிந்திவிட்டது.

அக்காவை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் மனத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்: தைராய்டு, இரத்தச்சோகை, வைட்டமின் பி12, சர்க்கரை, அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. தைராய்டு சுரப்பி மந்தமானால் மனம் சோர்ந்து, உடல் கனத்து, சிந்தனை மெதுவாகும். பி12 குறைந்தாலும் அப்படியே. அவற்றைச் சரிசெய்தாலே சிலருக்கு இருள் விலகிவிடும் என்றார். அக்காவுக்குத் தைராய்டு சரியாக இருந்தது. சி.ஆர்.பி. மிக உயர்ந்திருந்தது. மூட்டுவலி என்று நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது முடக்குவாதம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே பகையாக எண்ணித் தாக்கும் நோய்.

அந்த எதிர்ப்பு ஆற்றலுக்கும் மனத்திற்கும் என்ன தொடர்பு? இதை மருத்துவர் சொன்னதும், பின்னர் எதிர்வீட்டு மாமி தாளில் படம் வரைந்து விளக்கியதும், நான் தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்கு ஒருவாறு விளங்கியது.

காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? போர்த்திக்கொண்டு படுக்கிறோம், சோறு பிடிப்பதில்லை, யாரோடும் பேசப் பிடிப்பதில்லை, விருப்பமான பண்டமும் கசக்கிறது. கிருமி நேராக மூளையில் போய் இதைச் செய்வதில்லை. கிருமியோடு போரிடும் இரத்த வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனப்படும் வேதிப்பொருள்களைத் தூதாக அனுப்புகின்றன; மூளை அவற்றைப் பெற்று, உடலைப் படுக்கச் சொல்கிறது. ஆற்றல் போருக்கு மிச்சமாகட்டும் என்பதற்காக அல்லாஹ் அமைத்த ஏற்பாடு அது. மூன்று நாளில் காய்ச்சல் நின்றால் தூதும் நிற்கும். முடக்குவாதம் போன்ற நோயில் போர் ஓயாது. ஆகவே தூதும் ஓயாது. 2006இல் நம் மாநிலத்தில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் நின்ற பிறகும் மூட்டுவலியோடும் எதிலும் பிடிப்பின்றியும் மாதக் கணக்கில் கிடந்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு வலுவான சான்று ஒரு மருந்திலிருந்து கிடைத்தது. ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கு, இன்றைய மாத்திரைகள் வருமுன், இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற ஊசியைப் பல மாதங்கள் போட்டார்கள். அது உடலே சுரக்கும் ஒரு சைட்டோகைன்தான். ஊசி தொடங்கிய சில வாரங்களிலேயே, அதற்கு முன் மனநோயே இல்லாதவர்களுள்ளும், மூன்று நான்கு பேரில் ஒருவர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தார். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், தோல் புற்றுநோய்க்காக அதே ஊசியை மிகுந்த அளவில் பெற்ற 40 பேரில் பாதிப்பேருக்கு முன்கூட்டியே மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது. மருந்து பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஊசிக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய ஈமான் ஒன்றாகத்தானே இருந்தது?

அதற்காக எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருகிறது என்று கொள்ளலாகாது. மனச்சோர்வு நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே சி.ஆர்.பி. குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2013இல், அழற்சியைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமேப் மருந்தை மனச்சோர்வு நோயாளிகள் 60 பேரிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் பயன் தெரியவில்லை; தொடக்கத்திலேயே அழற்சி மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் பயனுக்கான அறிகுறி தெரிந்தது. ஆகவே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினால் மனம் தெளியும் என்று யாரும் புறப்பட வேண்டாம், வயிறுதான் புண்ணாகும்.

மனச்சோர்வு மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். மூளையில் செரட்டோனின் குறைந்ததால் வரும் நோய், மாத்திரை அதை நிரப்புகிறது என்று முன்பு எளிமையாகச் சொன்னார்கள். இந்தக் கதையின் தொடக்கம் நம் நாட்டில்தான் இருக்கிறது. சர்ப்பகந்தா வேரை நம் வைத்தியர்களும் யூனானி ஹக்கீம்களும் நெடுங்காலமாக அறிவார்கள். டில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீகி என்ற வேதியியலறிஞர் 1931இல் அந்த வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, தம்மை ஆதரித்த ஹகீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு அஜ்மலின் எனப் பெயரிட்டார். 1952இல் அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டு இரத்த அழுத்த மருந்தாக உலகெங்கும் சென்றது. அதை உண்டவர்களுள் சிலர் காரணமின்றித் துயரில் ஆழ்ந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நரம்பு முனைகளில் உள்ள செரட்டோனின் போன்ற பொருள்களை அது வற்றச் செய்வதும் தெரியவந்தது. அதே காலத்தில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்து நோயாளிகளை உற்சாகப்படுத்தியது. இவ்விரண்டையும் வைத்தே குறைபாட்டுக் கொள்கை பிறந்தது. இன்று அது போதாது என்று அறிஞர்களே சொல்கிறார்கள். மாத்திரை சில மணி நேரத்திலேயே செரட்டோனினை உயர்த்துகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகின்றன. விளக்கம் மாறியதால் மருந்து பொய்யாகிவிடவில்லை. 2018இல் 522 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்ததில், 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடப் பயன் தந்தன. பயனின் அளவு நடுத்தரமானதே. அக்காவுக்கு முதல் மூன்று வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை, குமட்டல்தான் இருந்தது. முடக்குவாத மருந்தையும் அவர் தொடங்கியிருந்தார். ஏழாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது, மச்சானின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மரபுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு அக்கா மகளுக்கு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பேச்சு முடியும் தறுவாயில் மாப்பிள்ளையின் பெரியத்தா என்னைத் தனியே அழைத்து, பெண்ணின் தாய்க்கு மனநோய் என்று கேள்விப்பட்டோம், முன்பு குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் இருந்ததாமே, அது பரம்பரையாகத் தொடருமா என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இல்லையென்று சொல்லிவிடும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார்கள். அன்றிரவு அக்கா என்னிடம், "நான் பெரியம்மா வீட்டுக்குப் போய் இருந்துக்குறேன். நிக்காஹ் முடியட்டும், அப்புறம் வர்றேன்" என்றார். தன் மகளின் திருமணத்தில் தன்னை மறைத்துவிட ஒரு தாய் முன்வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எளிதன்று.

மறைப்பதில்லை என்று நானும் மச்சானும் முடிவு செய்தோம். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரிடமும் இருந்த குறைகளை ஒளிக்காமல் சொன்னார்கள். திருமண ஆலோசனையில் கேட்டதற்கு உண்மை சொல்வது புறம்பேசுதல் ஆகாது என்பதற்கு உலமாக்கள் காட்டும் சான்று அது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். ஆகவே நான் அறிந்ததை அந்தப் பெரியவருக்கு விளக்கினேன்.

மனச்சோர்வில் மரபுக்குப் பங்கு உண்டு. இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் கணித்ததில், மக்களிடையே இந்நோய் வரும் வாய்ப்பில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 37 விழுக்காடு மரபுக்கு உரியதெனக் கண்டார்கள். மீதி வாழ்க்கைக்கும் சூழலுக்கும் உரியது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இந்நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு அல்லது மூன்று மடங்கு. மடங்கு என்றதும் மனம் திடுக்கிடும். கணக்காகப் பார்த்தால் அந்த அச்சம் நிற்காது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு வந்திருக்கிறது. அதை மும்மடங்காக்கினாலும் 15. தோராயக் கணக்குதான், ஆயினும் தாய்க்கு நோய் இருந்த 100 பிள்ளைகளில் 85 பேர் அதைக் காணாமலே வாழ்வார்கள் என்பது அதிலிருந்து கிடைக்கும்.

இதற்கென ஒற்றை மரபணுவும் கிடையாது. 2003இல் செரட்டோனினோடு தொடர்புடைய ஒரு மரபணுவைச் சுட்டி, அதன் ஒரு வடிவம் உள்ளவர்கள் துன்பம் வந்தால் எளிதில் மனச்சோர்வுறுவர் என்று புகழ்பெற்ற ஓர் ஆய்வு சொன்னது. 2019இல் பல இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு அதையும் அதுபோல் பேசப்பட்ட பிற மரபணுக்களையும் சோதித்தபோது எதுவும் நிலைக்கவில்லை. அதே 2019இல் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, மரபுத்தொகுதியில் 102 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. கடுகளவான சுமைகள் பல நம் எல்லோரிடமும் கூடவும் குறையவும் பரவிக் கிடக்கின்றன. அந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர் என்பதால் நம்மவர்க்கு அப்படியே பொருந்துமா என்பதும் கேள்வி. இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று சொல்லத்தக்க மரபணுச் சோதனை எதுவும் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பத்து நாள் கழித்து, இஸ்திகாரா செய்ததில் மனம் ஒப்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். அது அவர்கள் உரிமை. மாப்பிள்ளையின் தந்தைக்கும் பாட்டனாருக்கும் சர்க்கரை நோய்; பாட்டனாருக்குக் கால் எடுத்திருக்கிறது. சர்க்கரை நோயிலும் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எங்கள் பக்கத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவே இல்லை. மருமகள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "மாமு, அடுத்த இடம் வந்தா நீங்களே மொதல்ல சொல்லிருங்க. அம்மா ஒளியுறது எனக்குப் பிடிக்கல" என்றாள். இப்போது பி.எட். படித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். எல்லாத் துயரமும் நோயன்று. மய்யித்து நடந்த வீட்டில் அழுவது மனித இயல்பு. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும், எதிலும் நாட்டமின்மையும் தூக்கக் கேடும் பசிக் கேடும் தன்னையே பழிக்கும் எண்ணமும் நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். மரணத்தை நாடும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திராதீர்கள். அன்றே செல்லுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் அரசு சேவை 2022 முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. நானே அக்காவுக்கு ஓதியிருக்கிறேன். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படி சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்தாம். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கலாம்.

ரமலான் நெருங்கும்போது பலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரும், நோயும் திரும்பக்கூடும். நாளுக்கு ஒருவேளை உண்ணும் மனச்சோர்வு மாத்திரைகளை இஃப்தாருக்குப் பின்னோ சஹரிலோ மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் மருத்துவர் இசைவார். லித்தியம் உண்பவர்களின் நிலை வேறு. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். அவர்கள் மருத்துவர் சொல்லாமல் நோன்பு பிடிக்கலாகாது. நோயாளிக்கு நோன்பை விட்டு வேறு நாளில் பிடிக்கும் சலுகையைத் தந்தவன் அல்லாஹ். அந்த ஆயத்தில் இன்ன உறுப்பின் நோய் என்ற நிபந்தனை இல்லை.

அக்கா ஷஃபானிலேயே மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையை இரவு தராவீஹுக்குப் பின் மாற்றிக்கொண்டார். மூட்டு வீங்கிய நாள்களை விட்டு, 22 நோன்புகள் பிடித்தார். மீதி எட்டையும் திங்கள், வியாழன்களில் களாச் செய்து வருகிறார். இன்னும் மூன்று இருக்கின்றன.